மேல்பல்லைப் பிடுங்கக் கொடுக்கும் முன்

சூளகிரி

அன்பு மகள் ஜைபாவுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் அம்மாவும் இங்கே நலம், என் வாயில் ஒரு பல் குறைந்திருப்பதைத் தவிர. அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேரன் அயானும் நலமா என்று கேட்பதுதான் முறை, ஆனால் நீ நலமாக இல்லை என்பது எனக்குத் தெரியும். அத்தாவிடம் சொல்லாதே, பிரசங்கம் பண்ணுவார் என்று அம்மாவிடம் சொன்னாயாம். உன் அம்மா காத்தூன் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் வெங்காயம் நறுக்குவாள் என்பதை மறந்துவிட்டாய். நான் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன், எழுதினால் நடுவில் வெட்ட முடியாது பார். தபாலில் போட்டால் மஸ்கட் வருவதற்குள் உன் பல் போய்விடும், ஆகவே தாளைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன்.

சளி பிடித்து வாரக்கணக்காகிறது, முகத்தில் ஒரு பக்கம் கனக்கிறது, மேல் கடைவாய்ப் பல் வலிக்கிறது, ஞாயிற்றுக்கிழமை பிடுங்கப் போகிறேன் என்றாய். பிடுங்காதே. எனக்கும் போன தை மாதம் இதேதான். நம் பழைய பேப்பர் கடையில் அட்டைப்பெட்டித் தூசி, வெளியே ஹைவே தூசி, மூக்கு ஒழுகியது, பிறகு அடைத்தது, மல்லிப்பூவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வாசனை வித்தியாசம் தெரியவில்லை. கடைக்கு வந்தவர்கள் தமிழில் சளி என்றார்கள், கன்னடத்தில் நெகடி, தெலுங்கில் ஜலுபு, மூன்று பாஷையிலும் ஆறுதல் சொன்னார்களே தவிர மூக்கு டாக்டரைப் பார் என்று ஒருவரும் சொல்லவில்லை. தொழுகையில் சஜ்தாவுக்குக் குனிந்து நெற்றியை வைத்தால் கன்னத்துக்குள் யாரோ செங்கல்லை நகர்த்துவது போல இருக்கும், கண்ணில் தண்ணீர் கொட்டும். பள்ளிவாசலில் எல்லோரும் எனக்கு இறையச்சம் முற்றிவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார்கள். டீக்கடை தானிஷ் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னா பாய், இப்பிடி அழுவுறீங்க, எம் பொண்ணு கல்யாணத்துக்கும் சேத்து துஆ கேளுங்க பாய்" என்றான். நானும் கேட்டேன். அந்தப் பெண்ணுக்கு வரன் அமைந்துவிட்டது, என் வலி போகவில்லை.

பல்தான் காரணம் என்று உன் அம்மா தீர்ப்பு சொன்னாள். ஓசூரில் ஒரு பல் டாக்டர், எக்ஸ்ரேகூட எடுக்காமல் பிடுங்கித் தந்தார். நல்ல பல், இன்னும் இருபது வருஷம் எலும்பு கடித்திருக்கும். மறுநாள் சஜ்தாவில் அதே செங்கல். பிறகு கிருஷ்ணகிரியில் காது மூக்கு தொண்டை டாக்டரம்மா என் கன்னத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பெரியவரே, கீழ் வீட்டுக்காரன் மேல ஒரு தப்பும் இல்ல, மாடியில குடியிருக்கிறவன்தான் கலாட்டா பண்றான்" என்றார். மேல்பல் வேருக்கு மேலேயே சைனஸ் அறை இருக்கிறதாம், அங்கே சளி கட்டிச் சீழ் பிடித்தால் பல் வலிக்கிற மாதிரியே இருக்குமாம். சில பேருக்குப் பல்லிலிருந்தே சீழ் மேலே ஏறுவதும் உண்டு என்றார், அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை, இருந்தாலும் நீ எக்ஸ்ரே எடுத்துவிடு.

பழைய பேப்பரை எடை போடும்போது மருத்துவப் பக்கத்தைப் படித்தே நான் பாதி டாக்டர், மீதியை இந்தம்மா சொல்லிக்கொடுத்தார், அதன்படி செய்துதான் என் செங்கல் கரைந்தது. வெறும் வெந்நீரில் ஆவி பிடி, முகத்தைத் தள்ளியே வை, அயானைப் பக்கத்தில் விடாதே. உன் அம்மா அரை பாட்டில் தைலத்தைக் கவிழ்த்து என்னைக் குருடாக்கப் பார்த்தாள், அதெல்லாம் வேண்டாம். மூக்கை உப்புத் தண்ணீரில் கழுவு, ஆனால் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில்தான், குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது. நிறையத் தண்ணீர் குடி, ஏசி காற்றை முகத்துக்கு நேராக வைக்காதே. சளி மஞ்சளானதும் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்காதே, அது வேண்டுமா வேண்டாமா என்று டாக்டர் சொல்லட்டும். குறைந்த மாதிரி இருந்து திரும்ப அதிகமானால் காத்திருக்காதே. கண்ணைச் சுற்றி வீங்கினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, கடும் காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு ஓடு, அங்கே போய் அத்தா எழுதினார் என்று வாசித்துக்கொண்டு நிற்காதே.

இப்போதே போனைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார். கன்னம் கனத்ததா? அப்படியானால் பல்லைத் தொட விடாமல் முதலில் மூக்கு டாக்டரிடம் போ. பல் டாக்டர் கோபித்தால் என் அத்தா சம்மதிக்கவில்லை என்று சொல். பிள்ளை பெற்றவள் இதைச் சொல்லலாமா என்று சிரிப்பார்கள், சிரிக்கட்டும், பல்லோடு நீயும் சேர்ந்து சிரித்துவிட்டு வா.

அல்லாஹ் உனக்கு முழு சுகத்தையும் உன் பிள்ளைக்கு நீண்ட ஆயுளையும் தரட்டும். மாப்பிள்ளைக்கு என் சலாம். ஞாயிற்றுக்கிழமை என்ன ஆனது என்று எனக்கே போன் செய், பிரசங்கம் இருக்காது, ஆமாம் இல்லை என்று சொன்னால் போதும்.

துஆவுடன்,
உன் அத்தா
மு. நசருல்லா