மூன்று லேபின் சராசரி

அன்பு மகன் ஷமீலுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் அம்மாவும் நலம் என்று எழுதிவிட்டுப் பார்த்தேன், அது முழுக்கச் சரிதானா என்று சந்தேகம் வந்தது, ஆகவே அம்மா நலம், நான் பெரும்பாலும் நலம் என்று வாசித்துக்கொள். நீயும் மருமகள் ரஃபீனாவும் அந்தக் குளிரில் சுகமாக இருக்க துஆ செய்கிறோம். மட்டாஞ்சேரியில் மழை விட்டபாடில்லை, அம்மா துணி காயப்போட என் படிக்கும் அறையைப் பிடித்துக்கொண்டாள், ஈரத் துண்டுக்கு அடியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

விஷயம் இதுதான், பதறாமல் படி. மூத்திரம் அடிக்கடி போகிறது என்று டாக்டர் கமலாக்ஷியிடம் போனேன். ப்ராஸ்டேட் சுரப்பிக்கு என்று பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார், அளவு கூடுதலாக வந்தது. புற்றுநோயாக இருக்கலாம், வெறும் வீக்கமாகவோ கிருமியாகவோ கூட இருக்கலாம், இந்த ஒரு ரத்தத்தை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது, சில வாரம் கழித்து மறுபடியும் பார்க்கலாம் என்றார். அதற்குப் பிறகும் ஏதேதோ சொன்னார், புற்றுநோய் என்ற சொல்லோடு என் காது அடைத்துவிட்டது, திரும்பக் கேட்கக் கூச்சப்பட்டுத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

உனக்குத் தெரியும், வெலிங்டன் தீவுக் கம்பெனியில் காலமெல்லாம் மிளகுக்குத் தரம் பார்த்தவன் நான். ஒரே மூட்டையில் குத்தி எடுத்த மாதிரியை நாங்கள் நம்பமாட்டோம், பல மூட்டையில் எடுத்துச் சராசரி பார்ப்போம். அந்த முறைப்படி ஒரே காலையில் மட்டாஞ்சேரி, பள்ளுருத்தி, தோப்பும்படி என்று மூன்று லேபுக்கும் சைக்கிளில் போய் ரத்தம் கொடுத்தேன். மூன்றும் மூன்று விதமாக வந்தன. கூட்டி வகுத்து, கொஞ்சம் பெருமையோடுதான், டாக்டரிடம் கொண்டுபோனேன்.

இக்கா, இதென்ன குருமுளகு கச்சவடமா, மூட்டை மூட்டையா எடுத்துப் பார்க்க, ஒவ்வொரு லேபும் ஒவ்வொரு விதமா அளக்கும், இந்தச் சராசரி யாரோட ரத்தம்னே எனக்குத் தெரியலையே, எப்பவும் ஒரே லேபுக்குத்தான் போகணும் என்றார். எப்படிப் போனீங்க என்று கேட்டார், சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். சைக்கிள் சீட் அழுத்தினா அளவு ஏறலாம், ரெண்டு நாளைக்கு சைக்கிளே தொடாதீங்கன்னு அன்னைக்கே சொன்னேனே இக்கா என்றார். தொடாமல் இருக்க வேண்டிய வேறொன்றும் உண்டாம், அதையும் அம்மா பக்கத்தில் இருக்கும்போதே கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அம்மா பதில் சொல்லிவிட்டாள். அதை மகனுக்கு எழுத முடியாது, வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தது உள்ளே கேட்டது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அன்றே அம்மா சைக்கிளைச் சாயாக்கடை அப்துல் நாசரிடம் ஒப்படைத்துவிட்டாள். நான் நடந்து போவதைப் பார்க்கும்போதெல்லாம் அவன், இக்கா, லைசன்ஸ் போயோ என்று கேட்கிறான். சில வாரம் கழித்து மறுபடியும் ரத்தம் கொடுத்தேன், இந்த முறை ஒரே லேப், ஆட்டோவில் போனேன். அளவு இறங்கியிருக்கிறது, ஆனால் இறங்க வேண்டிய அளவு இறங்கவில்லை. அந்த பி.எஸ்.ஏ.விலேயே எதோடும் ஒட்டாமல் ரத்தத்தில் தனியாகத் திரியும் பங்கு எவ்வளவு என்றும் பிரித்து அளந்தார்கள், அதுவும் பயப்படவும் வேண்டாம் சும்மா இருக்கவும் வேண்டாம் என்ற இடத்தில் நிற்கிறது. சந்தேகமே வைக்காத பரிசோதனை கிடையாதா என்று கேட்டேன். இல்ல இக்கா, ஒவ்வொண்ணும் சந்தேகத்தைக் கொஞ்சம் சின்னதாக்கும், அவ்வளவுதான் என்றார். வியாழக்கிழமை எம்.ஆர்.ஐ. ஸ்கேன், அதில் ஏதாவது தெரிந்தால் ஊசியால் குத்திச் சதை எடுத்துப் பார்ப்பார்களாம். எத்தனை மூட்டையைக் குத்தியிருப்பேன், இப்போது மூட்டை நானாகிவிட்டேன்.

போகாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தேன். அம்மாவிடம் கேட்கவில்லை, அவளே, நீங்க வரலன்னா அந்த ஸ்கேன் மெஷின்ல நான் போய்ப் படுத்துக்கறேன் என்றாள். ஆகவே போகிறேன். நீ டிக்கெட் போட வேண்டாம். ஆனால் உனக்கும் வயது நாற்பத்தைந்து ஆகிறது, அங்கே உன் டாக்டரிடம் என் விஷயத்தைச் சொல்லி உனக்கு எப்போது பார்க்க வேண்டும் என்று கேள், கூச்சப்படாதே, அவர் சொல்வதைக் கடைசிவரை கேள்.

படைத்தவன் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும் நிம்மதியும் தருவானாக. வியாழக்கிழமை காலை மறக்காமல் போன் செய். தைரியம் எதுவும் சொல்லாதே, அழுதுவிடுவேன். அங்கே பனி எவ்வளவு விழுந்தது, வாசலை யார் பெருக்கினார்கள் என்று, என்னை உள்ளே கூப்பிடும் வரை பேசிக்கொண்டிரு.

உன் அத்தா,
முகமது இஸ்மாயில்