ஜூம் கேமராவும் உன் மொட்டைமாடிச் சுவரும்

இன்று விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி பிறந்து முதல் மழை. அந்த வெள்ளத்துக்குப் பிறகு மழைச் சத்தம் கேட்டால் எனக்குத் தூக்கம் போய்விடும், உனக்குத்தான் தெரியுமே. எழுந்து மூன்றாம் மாடி மொட்டைமாடிக்குப் போய் உன் வீட்டுத் திசையில் நின்று பார்த்தேன். வெறும் கண்ணுக்கு ஒரு மஞ்சள் புள்ளி, அவ்வளவுதான். சரி, பார்த்துவிடுவோம் என்று அலமாரியில் கிடந்த நம் கேமராவை எடுத்தேன். நீ போன பிறகு அதை நான் தொடவில்லை. பேட்டரி மூடியைத் திறந்தால் நான்கு பேட்டரியும் கசிந்து, வெள்ளையும் பச்சையுமாகப் பூத்து, ஸ்பிரிங்கை அரித்துப்போட்டிருந்தன. ஒரு காட்டமான வாடை மூக்கில் ஏறியது. பொத்தானை அமுக்கினேன், அமுக்கினேன், கோபத்தில் தட்டியும் பார்த்தேன். ஒன்றும் இல்லை. உட்கார்ந்து அழுதேன்.

இதை வாங்கிய அன்றைக்கு நாம் போட்ட சண்டை நினைவிருக்கிறதா? பாளையங்கோட்டையில் ஒரே பள்ளிக்கூடத்தில் நீ பூகோளம், நான் இயற்பியல். பிள்ளைகள் முன்னால் ஒருவரை ஒருவர் 'டீச்சர்' என்போம்; கேட்டைத் தாண்டினால் 'ஏட்டி'தான். சனிக்கிழமையானால் குளத்தங்கரைகளில் பறவை பார்க்கப் போவோம். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கேமரா வாங்குவது, ஒரு மாதம் உன் வீட்டில், ஒரு மாதம் என் வீட்டில் என்று முறை வைத்துக்கொள்வது என்பதுவரை ஒற்றுமையாகத்தான் பேசினோம். டவுண் ரதவீதிக் கடையில் அண்ணாச்சி இரண்டு கேமராக்களை எடுத்து மேஜையில் வைத்ததும் ஒற்றுமை போய்விட்டது. ஒன்று டி.எஸ்.எல்.ஆர்., லென்ஸைக் கழற்றி மாற்றுகிற பெரிய கேமரா, ஆரம்பக்காரர்கள் வாங்குவது. இன்னொன்று லென்ஸ் கழற்ற முடியாத, தூரத்தில் உள்ளதை இழுத்துக் காட்டுகிற ஜூம் கேமரா.

"ஏட்டி, இந்தப் பெரிய கேமராவ வாங்கி என்ன செய்ய? இதோட சேத்துக் குடுக்க லென்சு நம்ம மூஞ்சியத்தான் எடுக்கும். நாரை நம்ம பக்கத்துல வந்து உக்காந்து சிரிக்குமா?" என்றாய்.

"பொறவு தூரத்துக்குத் தனியா ஒரு லென்சு வாங்கிக்கிடலாம்."

"வாங்குவ, வாங்குவ. அந்த விலைக்கு ஒரு மாடு வாங்கிக் கட்டலாம்."

"அதுல உள்ள சென்சார் என் நகத்தளவுகூட இல்லட்டி. வெளிச்சம் எங்கன போயி விழும்? பொழுது சாய்ஞ்சா படம் கஞ்சி மாதிரி கலங்கித்தான் வரும்."

"பொழுது சாய்ஞ்சா வீட்டுக்குப் போவோம். அதுக்கு என்ன இப்ப?"

கடைக்கார அண்ணாச்சி கொஞ்ச நேரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். பிறகு, "ரெண்டு டீச்சரும் பைய தீர்மானம் பண்ணுங்க. நான் சாப்பிட்டுட்டு வாரேன்" என்று இரண்டு கேமராக்களையும் நம்மிடம் விட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். நீ ஜூமைக் கையில் எடுத்து வாசலுக்குப் போனாய். கோபுரத்து உச்சியில் இருந்த கிளியை அதில் இழுத்து என் கண்ணுக்கு நேரே நீட்டினாய். கிளியின் கழுத்து வளையம் தெரிந்தது. "கிட்ட இருக்கது கண்ணுக்கே தெரியுது. தெரியாததுக்குத்தாம்ட்டி கேமரா" என்றாய். நீ ஜெயித்தாய். பஸ்ஸில் வீடு வரும்வரை நான் உன்னோடு பேசவில்லை. அதன் பிறகு அந்தி வெளிச்சத்தில் எடுத்த ஒவ்வொரு படத்தையும் உன் மூக்குக்கு நேரே நீட்டி, "பாரு, கஞ்சி" என்பேன். "கஞ்சின்னாலும் கொக்கு தெரியுதுல்லா?" என்பாய்.

அந்த மார்கழி மழைக்கு வருகிறேன். வராமல் முடியாது.

ஆற்றங்கரை வயலை மனை போட்டு விற்ற இடத்தில் உன் வீடு. வகுப்பில் வெள்ளச் சமவெளி என்று படம் வரைந்து பாடம் நடத்துகிறவள், வீட்டுக்காரர் ஆசைப்பட்டார் என்று அங்கே போய்க் குடியேறினாய். "ஆத்தோட எடத்துல குடியிருக்கோம்ட்டி. என்னைக்காவது வந்து வாடகை கேக்கும்" என்று சிரிப்பாய். அன்றைக்கு உன் வீட்டுக்காரர் வள்ளியூரில் ஒரு இழவு வீட்டுக்குப் போனவர், ரோடு அடைபட்டு அங்கேயே மாட்டிக்கொண்டார். வீட்டில் நீயும் மூச்சிழுப்பு நோய்க்கார உன் அத்தையும்தான். கேமரா அந்த மாதம் உன் முறை. வீடு வீடாக வருகிற கிறிஸ்மஸ் கீதபவனிப் பாட்டுக்காரர்களைப் படம் எடுக்கவேண்டும் என்று உன்னிடம் கெஞ்சி நான் வாங்கி வந்திருந்தேன்.

காலையில் மெயின் ரோட்டுக்குக் கீழே எல்லாம் செம்மண் தண்ணீர். கரண்ட் முந்தின நாளே போய்விட்டது, போனில் சிக்னல் செத்துக் கிடந்தது. எங்கள் கட்டிடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் மொட்டைமாடியில் நின்று அவரவர் சொந்தக்காரர் வீட்டைத் தேடிக்கொண்டிருந்தோம். வெறும் கண்ணுக்குக் கூரைகள் மட்டும்தான். நான் கேமராவைக் கண்ணில் வைத்து இழுத்தேன். அவ்வளவு தூரத்துக்கு இழுத்ததில் படம் ஆடியது. கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு தேடினேன். தென்னை மரம். அதற்கு இடப்பக்கம் உன் மொட்டைமாடி. மாடிப்படி ஏறி முடிகிற அந்தச் சின்ன மஞ்சள் அறை. அதன் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் போர்வையோடு அத்தை. நீ எங்களுக்கு முதுகைக் காட்டிச் சுவரில் என்னவோ செய்துகொண்டிருந்தாய்.

நீ விலகினாய். சுவரில் கறுப்பாக, கரும்பலகையில் எழுதுவதுபோல் பெரிய பெரிய எழுத்தில் இருந்தது: 'அத்தைக்கு மூச்சு முட்டுது. படகு.'

வாசல் கேட்டுக்கு அடித்து மிஞ்சிய பெயிண்ட் டப்பா அந்த அறையில் கிடந்திருக்கிறது. ஆனால் யாருக்காக எழுதினாய்? அவ்வளவு தூரத்தில் வாசிக்க யாருக்கு முடியும்? எனக்குத்தான். கேமரா என்னிடம் இருக்கிறது, நான் மாடியில் நிற்பேன், பார்ப்பேன் என்று உனக்குத் தெரியும். எழுதிவிட்டுத் திரும்பி, என் திசையில் இரண்டு கைகளையும் ஆட்டினாய். படம் எடுத்துக்கொண்டு மாடிப்படியில் விழுந்தடித்து ஓடினேன்.

கடற்கரை ஊர்களிலிருந்து லாரியில் படகு கொண்டுவந்து மெயின் ரோட்டோரம் இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஆளாளுக்கு ஒரு வீட்டைச் சொல்லி அழுகிறார்கள். யார் சொல்வதைத்தான் கேட்பார் ஒரு படகுக்காரர்? நான் வாயைத் திறக்காமல் கேமராவின் திரையை அவர் முகத்துக்கு முன்னால் நீட்டினேன். எழுத்தை வாசித்தார். படத்தில் போர்வைக்குள் இருந்த அத்தையைப் பார்த்தார்.

"பெரிய மனுசிக்கு முடியலயோ? எங்கன இருக்கு இந்த மஞ்ச அறை?"

"அந்தத் தென்னைக்கு எடது பக்கம் அண்ணாச்சி."

போனார்கள். திரும்பி வந்த படகில் அத்தை இருந்தார்கள், உன் பக்கத்து வீட்டுப் பிள்ளைத்தாய்ச்சியும் அவள் மாமனாரும் இருந்தார்கள். நீ இல்லை.

"அந்தம்மா ஏறல. இவுகள மொதல்ல கொண்டு போங்க, நான் அடுத்த நடையில வாரேன்னு சொல்லிட்டாவ" என்றார் படகுக்காரர். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நீ எதிரே இருந்திருந்தால் கன்னத்தில் ஒன்று வைத்திருப்பேன். பெரிய தியாகி என்று நினைப்பு! அத்தையை ஆஸ்பத்திரி வண்டியில் ஏற்றிவிட்டு நிமிர்ந்தால் மழை வலுத்துவிட்டது. தண்ணீரின் இழுவை கூடிவிட்டது, இப்போது படகு போகாது என்று நிறுத்திவிட்டார்கள்.

மறுபடி மாடிக்கு வந்தேன். கேமராவை முடுக்கினால் லென்ஸ் பாதி நீண்டு, பேட்டரி இல்லை என்று காட்டி, உள்ளே போய்விட்டது. சார்ஜ் ஏற்றக் கரண்ட் ஏது? என் வீட்டுச் சுவர்க்கடிகாரத்தைக் கழற்றினேன். அதில் கேமராவுக்குச் சேருகிற பேட்டரி ஒன்று கிடைத்தது. டி.வி. ரிமோட்டில் இருந்தது ஒல்லி பேட்டரி, சேராது. வீடு வீடாகக் கதவைத் தட்டினேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கடிகாரத்தைக் கழற்றிப் பேட்டரியை உருவி என் கையில் வைத்தார்கள். கீழ்வீட்டுப் பாய் தன் மகளின் கல்யாணத்துக்கு வந்த கடிகாரத்தையே முழுசாகக் கொடுத்தார். எங்கள் கட்டிடத்தில் அன்றைக்கு எல்லா வீட்டிலும் மணி நின்றுபோனது.

கடிகாரப் பேட்டரியின் தெம்பு எவ்வளவு என்று இயற்பியல் டீச்சருக்குத் தெரியாதா? முள்ளைத் தள்ளும், கேமராவைத் தள்ளாது. முடுக்கினால் ஒரு மூச்சு நேரம் படம் காட்டிவிட்டு அணையும். எடுத்து உள்ளங்கையில் தேய்த்து, மறுபடி போட்டால் இன்னொரு மூச்சு. அந்தந்த மூச்சுக்குள் நான் பார்க்கவேண்டியது ஒன்றே ஒன்று: உன் ஜன்னல் மேலே இருக்கிற சன்ஷேடு. முதலில் பார்த்தபோது அதன் விளிம்பு தெரிந்தது. அடுத்த தடவை தண்ணீர் அதில் மோதி நுரைத்தது. அதற்கு அடுத்த தடவை சன்ஷேடே இல்லை. கைப்பிடிச் சுவரும் மஞ்சள் அறையும் மட்டும் தண்ணீர்மேல் நிற்கின்றன, உள்ளே நீ நிற்கிறாய். 'ஆண்டவரே, ஆண்டவரே' என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

ஓடிப்போய்ப் படகுக்காரரிடம் சொன்னேன். அவர் வானத்தைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். "சன்சேடு முங்கிட்டா? இருட்டுக்கு முன்ன ஒரு நட போயிப் பாப்போம். கயித்த எடுலே" என்று கூட இருந்தவரிடம் சொன்னார். படகு இறங்கியதும் நான் மேலே ஏறினேன்.

இருந்த பேட்டரியில் நல்லதாக நான்கைப் பொறுக்கிப் போட்டு முடுக்கினேன். உன் சுவரில் முன்பு எழுதியதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. பெயிண்ட் வழிந்து இழுத்துக்கொண்டிருந்தது.

'நான் சொன்னேன்லா, ஜூம்தான்.'

அடிப்பாவி! தண்ணீர் காலுக்குக் கீழே ஏறுகிறது, உனக்குச் சண்டை கேட்கிறதா? நான் சிரித்தேன். சிரிப்பு அழுகையாகிவிட்டது. பக்கத்தில் நின்றவர்கள் என்னவோ ஏதோ என்று என் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். படம் எடுப்பதற்குள் பேட்டரி அணைந்துவிட்டது.

அதன் பிறகு பொழுது சாய்ந்துவிட்டது. கடைசிப் பேட்டரியில் படகு திரும்பி வருவதைப் பார்த்தேன். பார்த்தேன் என்றா சொல்வது? திரை முழுக்கப் புள்ளி. சாம்பல் புள்ளிக்குள் ஒரு கறுப்புத் திட்டு. அதில் ஆள் இரண்டா, மூன்றா? போனவர்கள் இரண்டு பேர். மூன்றாவது தலை இருந்தால் அது நீ. எவ்வளவு இழுத்தாலும் கஞ்சி. நான் கடையில் சொன்ன அதே கஞ்சி. சொன்னது சரியாகப் போனதற்காக என்னை நானே திட்டிக்கொண்டு, கேமராவைத் தூக்கிப்போட்டுவிட்டுக் கீழே ஓடினேன்.

டார்ச் வெளிச்சத்தில் படகு வந்து முட்டியது. நைட்டிமேல் துண்டைச் சுற்றிக்கொண்டு, கையெல்லாம் கறுப்புப் பெயிண்டோடு நீ இறங்கினாய். குளிரில் பல்லெல்லாம் அடித்துக்கொண்டிருந்தது. என்னைக் கட்டிக்கொண்டு நீ கேட்ட முதல் கேள்வி: "வாசிச்சியாட்டி?"

"வாசிச்சேன். நீ வாரது மட்டும் தெரியல. கஞ்சி" என்றேன்.

வெள்ளம் கொண்டுபோகாத உன்னை, போன வருஷம் ஆவணியில் ஒரு சாதாரண நெஞ்சுவலி கொண்டுபோய்விட்டது. இந்தத் தடவை பார்க்கவும் ஓடவும் காட்டவும் எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. ஆட்டோவில் ஏறும்போது, "பரீட்சைப் பேப்பர் என் மேசைல இருக்கு, எடுத்து வையி" என்றாய். பேப்பரை எடுத்து வைத்தேன். நீ வரவில்லை. உன் வீட்டுக்காரர் வீட்டைப் பூட்டிவிட்டு அத்தையோடு வள்ளியூரில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். வெள்ளத்துக்குப் பிறகு வீடு முழுக்கச் சாயம் பூசியபோதுகூட அந்தச் சுவரை மட்டும் நீ பூச விடவில்லை. எழுத்து இன்னும் அப்படியே இருக்கிறது. தெருவில் நின்றால் கைப்பிடிச் சுவர் மறைக்கும். என் மொட்டைமாடியிலிருந்து பார்த்தால்தான் தெரியும், அதுவும் அந்தக் கேமராவில்.

அதனால்தான் இன்றைக்கு மழை விட்டதும் டவுணுக்குப் போனேன். பழுது பார்க்கிறவர் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கையை விரித்தார். ரதவீதிக் கடைக்குப் போனேன். அண்ணாச்சிக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, "வாங்க டீச்சர். சண்டக்காரி டீச்சர் வரலயா?" என்றார்.

"இறந்துட்டா அண்ணாச்சி" என்றேன். அந்த வார்த்தையை இத்தனை நாளில் நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல்.

அவர் உள்ளேயிருந்து ஒரு டி.எஸ்.எல்.ஆரும் ஒரு ஜூமும் எடுத்துவந்து, அன்றைக்குப் போலவே பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பிறகு, "பைய தீர்மானம் பண்ணுங்க டீச்சர். நான் சாப்பிட்டுட்டு வாரேன்" என்று உள்ளே போய்விட்டார். அப்போது சாப்பாட்டு நேரமே இல்லை.

நான் டி.எஸ்.எல்.ஆரைக் கையில் எடுத்து என் பக்கத்து நியாயத்தை எல்லாம் மனசுக்குள் சொன்னேன். பதில் சொல்ல ஆள் இல்லை. ஒரு பக்கமாகவே சண்டை போட எனக்குப் பழக்கம் இல்லையே! அதனால் உனக்காகவும் நானே பேசினேன். மாட்டு விலையிலிருந்து நாரைவரை ஒன்றையும் விடவில்லை. அண்ணாச்சி வந்தபோது ஜூமை அவர் பக்கம் தள்ளினேன். கூடவே நல்ல பேட்டரியாக நான்கு கேட்டு வாங்கிக் கைப்பையில் தனியாகப் போட்டுக்கொண்டேன். இனிமேல் அது எப்போதும் பையிலேயே இருக்கும்.

வெயில் இருக்கும்போதே வந்து மாடியேறி, முழங்கையை ஊன்றி, இழுத்துப் பார்த்தேன். தெரிகிறது. கொஞ்சம் மங்கியிருக்கிறது, வாசிக்க முடிகிறது. நீ சொன்னது சரிதான், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் பொழுது சாய்கிறவரை அங்கேயே நின்று பார்த்தேன். கஞ்சிதாம்ட்டி.