படகுக்காரத் தங்கச்சி

செவ்வாய்க்கிழமை

பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பார்த்தேன், இவர் டிவி முன்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். ஏரலில் அத்தைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதறிவிட்டேன்.

"அத்தைக்கு ஒண்ணுமில்ல. இந்தத் தங்கச்சி போயிட்டாட்டி," என்று கையிலிருந்த ரிமோட்டைக் காட்டினார். வீடியோ கேம். வெள்ளத்தில் அவளுடைய படகைக் கட்டிய கயிற்றை அவிழ்த்துவிட்டால்தான் மற்றவர்கள் பிழைப்பார்களாம். அவிழ்த்துவிட்டாராம்.

போன மாதம் பத்திரிகையில் வந்த என் கதையிலும் ஒரு தங்கை செத்துப்போகிறாள். முறுக்கைக் கடித்துக்கொண்டே வாசித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு," என்றவர் இவர். கேட்டே விட்டேன்.

"எங்கதைக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரலியே?"

"அதுல அவள நீதான கொன்ன? இதுல கயித்த அவுத்தது நான்லா?"

பத்து வருஷமாக எழுதுகிறேன். என் எழுத்து ஒருமுறைகூட இவரை அழவைத்ததில்லை. எங்கேயோ இருந்துகொண்டு யாரோ எழுதியது அழவைத்துவிட்டது. பொறாமைதான், வேறென்ன.

இவர் பால் வாங்கப் போனபோது நானே அந்த கேமை முதலிலிருந்து ஆரம்பித்தேன். அந்தப் பெண் படகில் நின்று, "என்கூட வருவியா?" என்று கேட்டாள். வேண்டுமென்றே 'மாட்டேன்' என்பதை அமுக்கினேன். துடுப்பை எடுத்துக்கொண்டு தனியாகப் போனாள். டிவியை அணைத்துவிட்டேன்.

இவர் நன்றாகத் தூங்குகிறார். நான் அவளைத் தனியாக அனுப்பியிருக்கக் கூடாது.