கீழே நின்று கையாட்டுகிறவர்கள்

அன்பு காதர் நானாவுக்கு, உங்க மண்ணறை வெளிச்சமாக இருக்கட்டும்.

போன கிழமை சலூனில் என் மானம் போச்சு. பாதி முகத்தில் சவர்க்கார நுரையோடு உட்கார்ந்திருந்தேன். வானத்தில் பிளேன் சத்தம். கடைத்தெருவே வழக்கம்போல வெளியே ஓடி அண்ணாந்து பார்த்தது. நான் மட்டும் கழுத்தில் கட்டிய துணியோடு நாற்காலிக்கு அடியில் கிடந்தேன். என் தொப்பைக்கு அந்த நாற்காலி போதாது என்பது வேறு விஷயம்.

"ரங்கூன் டெய்லர் மௌத்தாகி ரெண்டு வருஷமாச்சு. பயத்தை உங்ககிட்ட குடுத்துட்டுத்தான் போனாரா முதலாளி?" என்று சவரம் செய்கிறவன் கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கீழே கிடந்தபடியே.

பிளேன் சத்தம் கேட்டதும் நீங்க தையல் மெஷினுக்கு அடியில் புகுந்துகொள்கிற காரணத்தை ஒரே ஒரு தடவைதான் சொன்னீங்க. ரங்கூனுக்கு ஜப்பான் பிளேன்கள் வந்த அன்று யாருக்கும் ஒளியத் தெரியவில்லை. வெள்ளிபோல மின்னுது என்று சனம் தெருவுக்கு வந்து பார்த்தது. உங்க மகள் சபியாவும் வாசலுக்கு ஓடினாள்.

"கையாட்டினா, தம்பி. மேலே இருக்கிறவன் பார்ப்பான்னு நினைச்சா."

ஊசியில் நூல் கோர்க்கப் போய்ட்டீங்க.

பிறகு ஒருநாள் ஜப்பான் நகரங்கள் சாம்பலானது பற்றிப் பேச்சு வந்தது. "உங்க மகளுக்கு நியாயம் கிடைச்சிருச்சு நானா" என்றேன், ஆறுதல் சொல்கிறதாக நினைத்து. என் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது உங்களுக்குத் தெரியும். நீங்க கத்தரிக்கோலைக் கீழே வைத்தீங்க.

"அங்கேயும் ஒரு புள்ள வாசலுக்கு வந்திருக்கும். அவளா என் மகளைக் கொன்னா?"

இப்ப ரேடியோவில் தினமும் வியட்நாம். எவ்வளவு குண்டு போட்டார்கள் என்று சொல்கிறார்கள், யார் தலையில் விழுந்தது என்று சொல்வதில்லை. கத்தியோடு வீட்டுக்குள் நுழைகிறவன்கூட குழந்தையின் முகத்தைப் பார்த்து ஒரு கணம் தயங்கலாம். அவ்வளவு உயரத்திலிருந்து எந்த முகம் தெரியும்? கட்டளை போட்டவன் குற்றவாளியா, கட்டளைப்படி குண்டு போட்டவனா? எதிரியின் ஊரில் பிறந்ததே சாகப் போதுமான குற்றமா? மிளகு விற்கிறவனுக்கு இதெல்லாம் எதுக்கு என்பீங்க.

எதுக்கென்றால், நம்ம ரஷீத். என் மகன். நீங்க முதல் நீளக் கால்சட்டை தைத்துக் கொடுத்தீங்களே, அவனேதான். விமானப்படையில் சேர்ந்துட்டான். பைலட்டாகப் போறானாம். அவன் உம்மா அழுதாள். ஊரே எனக்கு வாழ்த்திக் கைகொடுத்தது.

நேற்று மாத்தளை ஸ்டேஷனில் ரயில் ஏற்றிவிட்டேன். "வாப்பா, உங்க சலூன் கதை எனக்கும் வந்துச்சு. நம்ம ஊருக்கு மேல வர்றப்ப தாழப் பறக்கிறேன். நாற்காலிக்கு அடியில போகாம வெளிய வந்து கையாட்டுங்க" என்றான்.

"சரி மகன், நுரையைத் துடைச்சிட்டு வர்றேன்" என்றேன்.

அவன் சிரிக்கும்போதே ரயில் நகர்ந்தது. கையை உயர்த்தினேன். பாதியில் சபியா ஞாபகத்துக்கு வந்துட்டா, நானா. நான் ஒருநாளும் பார்க்காத பிள்ளை.

லீவில் வரும்போது அவனை நீங்க உறங்குகிற கபுறடிக்குக் கூட்டி வருவேன். உங்க முன்னால் நின்று அவனிடம் சொல்லிடுவேன், இது வாக்கு. நேற்று சொல்லாமல் விட்டது இவ்வளவுதான்: எந்த நாட்டுக்கு மேலே பறந்தாலும், மகன், கீழே நின்று கையாட்டுகிறது உன் வாப்பா.

உங்க கூடப்பிறக்காத தம்பி,
ரஷீதின் வாப்பா