உடன் வந்தவர்

ஞாயிறு, காலை

கடலில் இருக்கும் என் கணவருக்கு,

நானும் வயிற்றில் இருக்கிற ஆளும் சுகம். இன்ஜின் அறைச் சூட்டில் நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று நம்புகிறேன். சுகம் என்று முதலிலேயே எழுதிவிட்டேன். அதனால் மீதியைப் பதறாமல் படியுங்கள்.

போன வாரம் போனில், பிரசவத்துக்கு வராமல் இன்னும் இரண்டு மாதம் கப்பலிலேயே இருக்கட்டுமா என்று கேட்டீர்கள். சரி என்றேன். கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் எடுத்த மருத்துவ பாலிசி. பிரசவத்துக்குப் பணம் தருவதற்கான காத்திருப்புக் காலம் இன்னும் முடியவில்லை. பிரசவச் செலவு நம் தலையில்தான் என்று பெரிய மனிதர்கள் மாதிரிப் பேசி முடித்தோம். அடுத்த துறைமுகத்தில் நீட்டிப்புத் தாள் வரும், கையெழுத்துப் போட்டுவிடுகிறேன் என்றீர்கள். அன்று நான் ஒன்றை மறைத்துவிட்டேன். உங்களுக்குப் பின்னால் மூன்று பேர் போனுக்குக் காத்து நின்றார்கள். அவசரமாகச் சொல்லி முடிக்கிற சங்கதி இல்லை அது.

நம் ஆளுக்கு ஒரு வழக்கம் உண்டு. காலை பத்து மணிக்கு நான் மேஜையில் உட்கார்ந்ததும் ஓர் உதை விடுவான். விடுவாளோ என்னவோ. லீவு நாளிலும் பத்து மணி தவறாது. அப்பாவைப் போல டியூட்டியில் கறார் என்று பக்கத்து மேஜை அக்காவிடம் பெருமையடித்திருக்கிறேன். நீங்கள் போன் செய்ததற்கு மூன்று நாள் முன்னால், சனிக்கிழமை, பத்து மணிக்கு உதை இல்லை. குளிர்ந்த தண்ணீர் குடித்துவிட்டு இடது பக்கம் சாய்ந்து படுத்தேன். பதினொன்று ஆயிற்று. ஒரு சின்ன அசைவுகூட இல்லை.

வாடகைக் காரில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். போனவள் அவசரப் பிரிவுக்குள் நுழைய வேண்டியதுதானே? வாசல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். பிரசவத்துக்குத் தராவிட்டாலும், நிஜமான அவசரம் என்றால் எங்கள் கம்பெனி பணம் தரும். எது நிஜமான அவசரம் என்று சொல்கிற மேஜையில் ஒன்பது வருடமாக நான் உட்கார்ந்திருக்கிறேன். அதனால்தானே எனக்கு முத்திரை என்று பெயர் வைத்தீர்கள்?

போன வருடம் இதே மாதிரி ஒரு பெண்ணின் ஃபைல் வந்தது. குழந்தை அசையவில்லை என்று ஓடியிருக்கிறாள். சோதனையில் எல்லாம் சரியாக இருந்தது. எல்லாம் சரியாக இருந்ததால் இது அவசரம் இல்லை என்று எழுதி முத்திரை குத்தினேன். பெஞ்சில் அது நினைவுக்கு வந்தது. குழந்தை நன்றாக இருந்தால் செலவு நம்முடையது, கெட்டது நடந்தால்தான் கம்பெனி தரும். பாவி, அந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டு நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். 

வெளியே வந்த நர்ஸ் ஒருத்தி என் கையைப் பார்த்திருக்கிறாள். வயிற்றை இறுக்கிப் பிடித்தபடி இருந்தேனாம். ஏம்மா, பஸ்ஸுக்கா உக்காந்திருக்க, எந்திரி முதல்ல என்று அதட்டி உள்ளே கூட்டிப்போனாள். வயிற்றில் கருவியை வைத்து இதயத்துடிப்பைத் தேடினாள். கொஞ்ச நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தில் உங்களை எத்தனை முறை கூப்பிட்டேனோ தெரியாது. பிறகு கேட்டது. ஒருமுறை நீங்கள் போனை இன்ஜின் பக்கம் நீட்டிக் கேட்கவைத்தீர்களே, கிட்டத்தட்ட அந்தச் சத்தம். நான் அழுத அழுகையில் நர்ஸுக்கே கண் கலங்கிவிட்டது. நம் ஆள் தூங்கியிருக்கிறான், அவ்வளவுதான். எழுந்ததும் கருவியையே ஓர் உதை விட்டான்.

என் பில் முறைப்படி அக்காவின் மேஜைக்குப் போயிற்று. நர்ஸ் நல்ல மனதோடு, வெளியில் நாற்பது நிமிடம் காத்திருந்தார் என்று குறிப்பு எழுதியிருந்தாள். நேற்று முன்தினம் அக்கா ஃபைலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நாப்பது நிமிஷம் சும்மா உக்காந்தவளுக்கு அவசரம்னு நான் எப்படிடி எழுத, ஏன் உக்காந்தேன்னு ஒரு வரி எழுதிக் குடு என்றாள். அப்புறம், உடன் வந்தவர் என்ற கட்டம் காலியாக இருக்கிறது, அதையும் நிரப்பு என்றாள்.

இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். எழுந்திரு, பணம் போனால் போகட்டும், உள்ளே வா என்று சொல்ல என் பக்கத்தில் நீங்கள் இல்லை. அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? ஃபைலை மூடி வைத்துவிட்டேன். அந்தப் பெண்ணின் பழைய ஃபைலைத் தேடி எடுத்து, மறுபரிசீலனைக்கு என்று எழுதி மேனேஜரிடம் வைத்தேன். கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்தார். பார்க்கட்டும்.

இனி வீட்டுச் செய்தி. குளியலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. யாரையும் கூப்பிடவில்லை, நீங்கள் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று அடியில் வாளி வைத்திருக்கிறேன். உங்கள் நீலச் சட்டை இப்போது எனக்குத்தான் சரியாக இருக்கிறது. துவைத்துவிட்டேன், அதில் இருந்த உங்கள் வாசனை போய்விட்டது. ஏன் துவைத்தேன் என்று இருக்கிறது.

இத்துடன் ஆஸ்பத்திரியின் பிரசவப் பதிவுத் தாளை வைத்திருக்கிறேன். எல்லாம் நிரப்பியாயிற்று. கீழே, உடன் இருப்பவர் கையெழுத்து என்று ஒரு கோடு மட்டும் காலி. சரி என்று போனில் சொன்னேனே, அது பொய். பணத்தை எப்படியாவது புரட்டலாம். நீட்டிப்புத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். போடுவதாக இருந்தால் இந்தத் தாளில் போடுங்கள்.

தபாலில் திருப்பி அனுப்ப வேண்டாம். கையில் கொண்டு வாருங்கள்.

உங்கள்
முத்திரை