தூசி அலர்ஜி என்று சொல்

செப்டம்பர் 4

என் சிட்டுக்கு அம்மாவின் முத்தங்கள்.

விடுதியில் போனை வாங்கி வைத்துக்கொண்டார்களாமே. இனி நமக்குக் கடிதம்தான். புதுப் பள்ளி எப்படி? சாப்பிட்டாயா?

வார்டனிடம் நான் சொன்னதையே நீயும் சொல். தொண்டைச் சத்தத்துக்குத் தூசி அலர்ஜி, தோள் வெட்டி வெட்டி இழுப்பதற்குப் பை கனம். மாற்றிச் சொல்லித் தொலைக்காதே. மருந்துக் கடையில் நிற்கிறவள் சொல்கிறேன், அலர்ஜி என்றால் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை.

உன் அம்மா

செப்டம்பர் 9

அன்புள்ள அம்மா,

உன் அலர்ஜி அமோகமாக வேலை செய்கிறது. சாக்பீஸ் தூள் ஆகாதென்று கடைசி பெஞ்சு. மைதானத்துப் புழுதி ஆகாதென்று விளையாட்டு நேரத்தில் நூலகம். அங்கே ஈ பறந்தாலும் கேட்கும். அடக்க அடக்கத் தொண்டையிலிருந்து 'ஹுக்' இன்னும் பெரிதாக வருகிறது. வார்டன் காலையும் மாலையும் சிரப் ஊற்றுகிறார். கணக்கு வகுப்பில் தூங்கி வழிகிறேன். அறையில் இருக்கும் மூன்று பேரும் கட்டிலைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள்.

எனக்கு இருப்பது அலர்ஜி இல்லை, டூரெட் என்கிற நரம்புக் கோளாறு. தோளும் தொண்டையும் என்னைக் கேட்காமலே துள்ளும். இதைச் சொன்னால்தான் என்ன?

சிட்டு

செப்டம்பர் 12

சிட்டு,

சொல்லவே சொல்லாதே. போன பள்ளியில் சொல்லி என்ன கண்டோம்? "மத்த பிள்ளைங்க படிப்பு கெடுது, வேற இடம் பாருங்க" என்றார்கள். அதற்கப்புறம் எத்தனை பள்ளி வாசலில் நின்றேன் என்று நீயே பார்த்தாய். இந்த ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இரு கண்ணு. சிரப்பை விழுங்காதே, வாயிலேயே வைத்திருந்து துப்பிவிடு.

அம்மா

செப்டம்பர் 18

சிட்டு,

ஏன் பதில் இல்லை? கடையில் யாராவது தொண்டையைச் செருமினால் உடனே திரும்பிப் பார்க்கிறேன். இன்று ஒருவருக்கு மாத்திரையை மாற்றிக் கொடுக்கப் போய் முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். கோபமா? திட்டியாவது நாலு வரி எழுது.

அம்மா

செப்டம்பர் 19

அம்மா,

நீ சொன்னபடி சிரப்பை வாயில் வைத்துக்கொண்டு துப்பப் போனேன். பாதி வழியில் 'ஹுக்' வந்துவிட்டது. பக்கத்துக் கட்டில்காரியின் வெள்ளைச் சட்டை முழுக்கச் சிவப்பு. ரத்தம் என்று நினைத்து அவள் அழ, எனக்கும் அழுகை வர, எல்லா உண்மையையும் சொல்லிவிட்டேன்.

"அட, இவ்வளவுதானா? உன் சளி எங்களுக்கு ஒட்டிக்கும்னுதான் கட்டில நகர்த்தினோம். இது ஒட்டாதுல்ல?" என்றாள். அன்றைக்கே கட்டில்கள் பழைய இடத்துக்கு வந்துவிட்டன.

விஷயம் தலைமையாசிரியை வரைக்கும் போயிற்று. "அம்மா ஏன் மறைச்சாங்க?" என்று கேட்டார். "பயம்" என்றேன். சனிக்கிழமை உன்னை வரச் சொன்னார். என்னை வைத்துக்கொள்வார்களா, தெரியாது. எனக்கு இங்கேயே இருக்க வேண்டும் அம்மா.

உன் பிள்ளைக்கு என்ன என்று அவர் கேட்பார். அப்போது நீதான் சொல்ல வேண்டும். வீட்டிலும் சரி, டாக்டரிடமும் சரி, 'அது' என்றுதான் சொல்வாய். அதன் பெயரை உன் வாயால் நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

சிட்டு

செப்டம்பர் 22

என் சிட்டுக்கு,

கடையில் லீவு சொல்லிவிட்டேன். சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். வழி நெடுக டூரெட், டூரெட் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வருவேன். பக்கத்தில் இருக்கிறவர்கள் திரும்பிப் பார்த்தால் பார்க்கட்டும்.

அம்மா