பதியாத வில்லங்கம்

மார்ச் 3
ஊரிலுள்ள லிஃப்டுகளையெல்லாம் பழுதுபார்க்கிறவள் நான். குடியிருப்பதோ லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் நான்காவது மாடி! முழங்கால் வலியால் அப்பா தெருவில் கால் வைத்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. ஜன்னலில் நின்றபடி போகிற வருகிறவர்களுக்கெல்லாம் பட்டப்பெயர் வைத்துக்கொண்டிருக்கிறார். இன்று அதற்கு ஒரு முடிவு கட்டிவிட்டேன். தரைத்தளம், இரண்டு அறை, வாசலில் ஒரே ஒரு படி. போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவர் விற்கிறார். முன்பணமும் கொடுத்தாயிற்று. வில்லங்கச் சான்றிதழை வாங்கிப் பார்த்தேன்: அவருடைய அம்மா காலத்து வங்கிக் கடன் ஒன்று, அது தீர்ந்ததும் பதிவாகியிருக்கிறது. சுத்தமான வீடு. வக்கீலிடமும் காட்டலாம் என்கிறார் என் வீட்டுக்காரர். வீண் செலவு. சரி, காட்டிவைப்போம்.

மார்ச் 8
ஸ்டுடியோக்காரர் நல்ல மனுஷர், சாவியை இப்போதே கொடுத்துவிட்டார். என் வீட்டுக்காரர் பெயின்டர். கை சும்மா இருக்குமா? முன்னறைக்கு இரண்டு கோட் அடித்துவிட்டு வந்து நிற்கிறார்.
"வீடு இன்னும் நம்ம பேருக்கே வரலையே!"
"அது சுவருக்குத் தெரியவா போகுது?"
திட்டத்தான் வாயெடுத்தேன். சிரிப்பு வந்துவிட்டது.

மார்ச் 12
வக்கீலம்மா கூப்பிட்டனுப்பினார்.
"வீடு அவங்க அம்மா பேர்ல இருந்திருக்கு. உயில் எழுதாமலே இறந்துட்டாங்க. பிள்ளைங்க எத்தனை பேர்னு கேட்டீங்களா?"
கேட்கவில்லை.
"ரெண்டு பேரு. அவருக்கு ஒரு அக்கா இருக்காங்க. பாதி வீடு அவங்களோடது. அவங்களும் சேர்ந்து கையெழுத்துப் போட்டாத்தான் வித்தது செல்லும்."
"வில்லங்கத்துல ஒண்ணுமே வரலையே?"
"பதிஞ்சதுதாம்மா அதுல வரும். பதியாத வில்லங்கமெல்லாம் மனுஷங்ககிட்ட இருக்கும்."
பிரேக்கைச் சோதிக்காமல் எந்த லிஃப்டையும் ஓட விட்டதில்லை நான். இதில் மட்டும் எனக்கென்ன அப்படி அவசரம்? பெயின்ட் வேறு அடித்து வைத்திருக்கிறோம் — யார் வீட்டுச் சுவருக்கு?

மார்ச் 13
ஸ்டுடியோக்காரர் அலட்டிக்கொள்ளவே இல்லை. "அவ எதுவும் கேக்க மாட்டா. என் பங்கை எழுதித் தர்றேன், மிச்சத்தை அப்புறம் பாத்துக்கலாம்."
அப்புறம் என்றால் எப்போது? பாதி வீட்டை வாங்கி, அப்பாவை எந்தப் பாதியில் உட்காரவைப்பது? முடியாது என்று சொல்லிவிட்டேன். அக்காவின் விலாசம் கேட்டால், இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறாராம். பேச்சுவார்த்தை நின்று பல வருஷம் ஆகிறதாம்.
பேசுவதற்குத்தானே நான் இருக்கிறேன்.

மார்ச் 15
அந்த அக்கா சலவைக் கடை வைத்திருக்கிறார். நான் பேசப் பேச, தேய்த்துக்கொண்டிருந்த சட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பாதிப் பணம் உங்களுக்குத்தான் வரும் என்றும் சொல்லிப் பார்த்தேன்.
"பணம் யாருக்கு வேணும்? அம்மா போனதை மறுநாள்தான் எனக்குச் சொன்னான். அதுவும் ஆள் மூலமா. உன் துணி இருந்தா கொண்டா, தேச்சுத் தர்றேன். கையெழுத்து மட்டும் கேக்காதே."

மார்ச் 16
நானா விடுகிறவள்?

மார்ச் 20
விட்டுவிடலாமா, வேறு வீடு பார்க்கலாமா என்று இவர் கேட்டார். அப்பா உள்ளேயிருந்தே, "எனக்கென்னம்மா, ஜன்னல் போதும்" என்றார்.
ஜன்னல் போதுமாம். யாருக்குப் போதும்? எனக்குப் போதலையே! எப்படிப்பா இப்படிச் சொல்ல மனசு வந்துச்சு? பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன்.

மார்ச் 24
மறுபடியும் சலவைக் கடை. இந்தத் தடவை வீட்டைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அப்பாவைப் பற்றி, நான்கு மாடியைப் பற்றி, அந்த ஜன்னலைப் பற்றிச் சொன்னேன்.
"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று என்னைக் கடிந்துகொண்டார். பதிவு அலுவலகத்துக்கு வருகிறாராம். "வர்றேன்னுதான் சொன்னேன். கையெழுத்துப் போடுவேன்னு சொல்லல."
போடுவார். எனக்குத் தெரியும். தெரியுமா?

ஏப்ரல் 2
பதிவு அலுவலகப் பெஞ்சின் அந்தக் கோடியில் தம்பி, இந்தக் கோடியில் அக்கா. நடுவில் நாங்கள், இரண்டு பக்கமும் திரும்ப முடியாமல்.
விற்கிறவர்களை ஒவ்வொருவராக நேரில் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்து வாங்குகிறார் பதிவு அதிகாரி. தம்பி சம்மதம் என்றார். அக்காவிடம் கேட்டார்: "நீங்க மனசார விக்கறீங்களா?" அந்த அம்மா தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி தம்பி பக்கம் திரும்பி, "இவங்க உங்களுக்கு என்ன வேணும்?" என்றார்.
அவர் தரையைப் பார்த்துக்கொண்டே ஏதோ முனகினார்.
"காதுல விழலை சார்" என்றார் அதிகாரி.
"அக்கா. என் அக்கா." குரல் உடைந்துவிட்டது.
அந்த அம்மா எழுந்து போய்ப் பேனாவை எடுத்தார். "சம்மதம்." போட்டு முடித்துவிட்டுத் தம்பியை மேலும் கீழும் பார்த்தார். "காலர் இருக்கற லட்சணத்தைப் பாரு. இதைப் போட்டுக்கிட்டா ஆபீசுக்கு வருவே? நாளைக்குக் கடைக்குக் கொண்டா."
அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினார். நான் வாயே திறக்காமல் முடிந்த ஒரே காரியம் இதுவாகத்தான் இருக்கும்.

ஏப்ரல் 19
குடிவந்து நான்கு நாள் ஆகிறது. சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் கதவு வெறுமனே சாத்தியிருக்கிறது, அப்பாவைக் காணோம். செருப்பையும் காணோம். இவருக்குப் போன் போட்டுச் சொன்னதும் பதறிப்போய், "நான் வந்து தேடட்டுமா?" என்றார்.
"வேணாம். தெருவுல நடந்து ஒரு வருஷத்துக்கு மேலாச்சு அவருக்கு, மெதுவா வரட்டும்" என்றேன்.
இருட்டப் போகிறது. இன்னும் வரவில்லை.